நாலாம் குழிக்கு ஓர் ஆள்

நூர்தீன் எழுதியதாக வந்த கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி இருந்தது.

பளிச்சென்று இல்லை. போட்டவனே பிறகுதான் பார்த்திருக்க வேண்டும். அதன் மேல் மையை இழுத்து இழுத்து அடித்துவிட்டுப் பக்கத்தில் 786 என்று எழுதியிருந்தான். ஏர் லெட்டர் தாள் மெல்லிசு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அடித்ததற்கு அடியில் கிடப்பது தெரிந்துவிடும். சிங்கப்பூர் கெர்பாவ் ரோட்டுக் கடைவீட்டு மாடியில் படிக்கிற அளவுக்கு வெளிச்சம் வருவது அந்த ஒற்றைச் சன்னலில்தான். ரத்தினம்மா அங்கேதான் நின்று பிடித்திருந்தாள்.

“என்னக்கா, நிறுத்திட்டீங்க?” என்றாள் நூர்தீனின் மனைவி உம்மு சல்மா. இடுப்பில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

“ஒண்ணுமில்ல. மை பரவியிருக்கு.”

“எங்க?”

“மேலதான். நீ கேளு.”

ரத்தினம்மா படித்தாள். ‘அன்புள்ள மனைவிக்கு. நலம், நலமறிய அவா. இவ்விடம் கம்பெனி மிகப் பெரிதாக விஸ்தரிக்கப்பட்டு வருகிறது. நாலாம் குழி வேலை துரிதமாக நடைபெறுகிறது. மேலும் இருநூறு ஆட்கள் எடுக்க இருக்கிறார்கள். திரு. சேதுபதி அவர்களைக் காலதாமதம் செய்யாமல் கையெழுத்திட்டுப் புறப்பட்டு வரச் சொல்லவும். சீதோஷ்ணம் இதமாக உள்ளது.’

திரு. சேதுபதி அவர்கள் ரத்தினம்மாவின் புருஷன். நூர்தீன் பதினோரு வருஷமாக அவரைக் கூப்பிட்டதெல்லாம் ‘கட்டையா’ என்றுதான். சந்தோஷம் வந்தால் ‘ஏலே கட்டையா’. திருவும் அவர்களும் அவன் வாயில் வந்து அவள் கேட்டதில்லை. சீதோஷ்ணம் என்ற சொல்லுக்கு அவனிடம் அர்த்தம் கேட்டால் ஏதோ சாப்பிடுகிற சாமான் என்பான்.

பன்னிரண்டு வருஷமாகத் தேக்கா மார்க்கெட்டில் நாகூர் கனியின் மசாலாக் கடையில் அம்மி அரைக்கிறவள் ரத்தினம்மா. மல்லியில் மரத்தூள் கலந்திருந்தால் கல்லில் வைக்கும் முன்பே சொல்லிவிடுவாள். மூக்கு அப்படிப் பழகிவிட்டது. மனசும் அப்படித்தான். நல்லதாக ஒன்று வந்தால் முதலில் முகர்ந்து பார்க்கும்.

“அவங்க எழுத்து மாதிரி இருக்காக்கா?” உம்மு சல்மா கேட்டாள்.

“அவரு தமிழ் எழுத்தை நான் எங்க பாத்தேன்? உனக்கு அரபுத் தமிழ்லதானே எழுதுவாரு.”

அதுதான் விஷயம். உம்மு சல்மா கடையநல்லூர்க்காரி. குர்ஆன் ஓதக் கற்ற எழுத்திலேயே தமிழையும் எழுதப் படிக்கத் தெரியும். தமிழ் எழுத்து தெரியாது. நூர்தீன் மார்ச் மாதம் கப்பல் ஏறினான். முதல் நாலு கடிதமும் அரபுத் தமிழில் வந்தன. இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் இருந்த பலகை மறைப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவளே படித்துச் சிரித்துக்கொள்வாள். அப்புறம் இரண்டு மாதம் ஒன்றுமில்லை. அப்புறம் வந்ததெல்லாம் தமிழ் எழுத்து. ஆபீசில் தமிழ்க் கடிதம்தான் எடுத்துக்கொள்கிறார்கள் என்று காரணமும் எழுதியிருந்தது. படிக்கத் தெரியாத பெண்டாட்டிக்குப் படிக்க முடியாத எழுத்தில் எவன் எழுதுவான்? அப்போதே ரத்தினம்மாவுக்கு உறுத்தியது. இப்போது பிள்ளையார் சுழி.

நூர்தீன் செத்துப்போயிருப்பான் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. சொல்லவில்லை. கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு உலையில் அரிசி போடப் போனாள்.

*

சேதுபதியும் நூர்தீனும் செம்பவாங் கடற்படைத் தளத்தில் கம்பிக்கயிறு பின்னுகிறவர்கள். கப்பலைக் கட்டுகிற கயிறு, கிரேன் கயிறு எல்லாம் அவர்கள் கைக்கு வந்து போகும். ஆறு புரி, நடுவில் சணல். ஒருவன் ஸ்பைக் என்கிற கூர் இரும்பைக் குத்திப் புரியைத் திறப்பான். அடுத்தவன் அதே நொடியில் தன் புரியை அதற்குள் நுழைத்து இழுக்க வேண்டும். ஒருத்தன் மூச்சு விடுவது மற்றவனுக்குத் தெரியாவிட்டால் விரல் போய்விடும். பதினோரு வருஷத்தில் இருவருக்கும் விரல் போகவில்லை. ஒருமுறை மட்டும் இழுவையில் இருந்த கயிறு அறுந்து சாட்டையாக வந்தது. நூர்தீன் சேதுபதியைத் தள்ளிவிட்டுத் தான் வாங்கிக்கொண்டான். புருவத்துக்கு மேலே தழும்பு அவனுக்கு. கேட்டால் பெண்டாட்டி அடித்தது என்பான்.

வெள்ளைக்காரன் தளத்தைக் காலி செய்யப்போகிறான் என்று அறுபத்தெட்டு ஜனவரியில் சேதி வந்தது. யாருக்கு வேலை இருக்கும், யாருக்குப் போகும் என்று எவனுக்கும் தெரியவில்லை. ஆப்பிரிக்காவில் செம்புச் சுரங்கம் ஒன்றை ஒன்றுக்கு மூன்றாகப் பெருக்குகிறார்கள், ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு சிலிகி ரோட்டில் ஓர் ஆபீஸ் திறந்தார்கள். நூர்தீன் முதல் கும்பலிலேயே மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டான்.

“எங்கம்மா தஞ்சோங் பகார்ல அம்மி அரைச்சு அரைச்சுக் கை வெந்து செத்தவ. என் பொஞ்சாதி அந்தக் கல்லுகிட்டப் போகக் கூடாது” என்றான். அம்மி அரைக்கிற ரத்தினம்மாவை வைத்துக்கொண்டே சொன்னான். அவனுக்கு அதெல்லாம் தோன்றாது.

சேதுபதி போகவில்லை. ஏதாவது வழி பிறக்கும் என்று இருந்தார். தீபாவளி போயிற்று. தளத்தைக் கப்பல் பட்டறையாக எடுத்து நடத்தப்போகிறவர்கள் வைத்துக்கொள்கிற ஆட்களின் பெயர்களை ஒட்டிக்கொண்டே வந்தார்கள். மூன்று பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. நாலாவது வருமா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில்.

அப்போதுதான் ஆபீஸ்காரர்கள் ரேஸ்கோர்ஸ் ரோட்டுச் சங்க மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் படம் காட்டினார்கள். குடும்பத்தோடு வரலாம் என்று சொல்லியிருந்தது. சன்னல்களுக்குப் போர்வை கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். உள்ளே வியர்வையும் மல்லிகைப்பூவும் சேர்ந்து மணத்தது.

பரமசிவம் என்ற கிராணி, ஆபீஸ் குமாஸ்தா, படத்துக்குப் பக்கத்தில் நின்று பிரம்பால் தொட்டுத் தொட்டுச் சொன்னான். கழுத்துப்பட்டி கட்டியிருந்தான்.

“இதுதான் பெரிய பள்ளம். நம்ம தேக்காவிலேருந்து சிராங்கூன் ரோடு முழுசும் தூக்கி உள்ள வச்சாலும் மேல தலை தெரியாது. இன்னும் தோண்டுறாங்க. ரெண்டு வருஷத்துல இது டபுள்.”

திரையில் பள்ளம் படிப்படியாக இறங்கியது. வயல் வரப்பை மலையில் வெட்டிய மாதிரி வளையம் வளையமாக இருந்தது. ஒவ்வொரு படியிலும் லாரிகள் எறும்பாக ஊர்ந்தன. அடுத்து ஒரு யந்திரம் வந்து ஒரு வாயில் ஒரு லாரி நிறைய மண்ணைக் கடித்துத் துப்பியது. பிறகு இரும்புச் சட்டத்தில் உயரமான கோபுரம் ஒன்றைக் காட்டினார்கள். உச்சியில் சக்கரம், சக்கரத்தில் கயிறு. சேதுபதி முன்னால் சாய்ந்தார்.

“இது புதுசா இறக்குற நாலாம் குழி. நம்ம சிங்கப்பூர் ஆளுங்க அங்கதான். கம்பிக்கயிறு தெரிஞ்ச ஆளுக்கு ராஜ மரியாதை லா.”

கடைசியில் உருக்கிய செம்பை ஊற்றினார்கள். அடுப்பில் கருப்பட்டிப் பாகு கொதிப்பது போல் இருந்தது. ஆண்கள் பக்கம் மூச்சுச் சத்தம் இல்லை. பெண்கள் பக்கத்தில் யாரோ இருமினார்கள்.

போர்வையை அவிழ்த்ததும் பரமசிவம் கேட்டான்: “யாருக்காவது கேள்வி இருக்கா?”

வேலை நேரம், சாப்பாடு, கப்பல் என்று ஆண்கள் கேட்டார்கள். ரத்தினம்மா பின்வரிசையில் எழுந்து நின்றாள்.

“போனவங்கள்ள எத்தனை பேரு செத்திருக்காங்க?”

முன்வரிசைத் தலைகள் திரும்பின. சேதுபதி மட்டும் திரும்பவில்லை. அவர் காது சிவந்தது பின்னால் இருந்தே தெரிந்தது.

“அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாதும்மா” என்றான் பரமசிவம். சிரித்தான். “எல்லாரும் சேஃபா இருக்காங்க. வீட்டுக்காரங்க கேப்பீங்கன்னுதான் போட்டோ கொண்டாந்திருக்கேன்.”

ஆளுக்கொன்று கொடுத்தான். கோபுரத்துக்கு முன்னால் ஆறு பேர் தகரத் தொப்பியோடு நின்றார்கள். ஓரத்தில் நூர்தீன். புருவத் தழும்பு, கோணல் சிரிப்பு, எல்லாம் அவன்தான். உம்மு சல்மா படத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். அவள் தோள் இறங்குவதை ரத்தினம்மா பார்த்தாள். இத்தனை நாளும் இவளும் அதையேதான் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

*

வெளியே வந்ததும் சேதுபதி பொரிந்து தள்ளினார்.

“சபையில அப்படியா கேப்ப? எழவு வீட்ல விசாரிக்கிற மாதிரி.”

“கேட்டதுக்குப் பதில் சொன்னானா? போட்டோவக் குடுத்தான்.”

“உனக்கு அவன் தங்கத்துல செஞ்சு குடுத்தாலும் உரசித்தான் பாப்ப.”

“உரசாம வாங்கி என்னத்துக்கு?”

“பிள்ளையார் சுழி, பிள்ளையார் சுழின்னு ஒரு வாரமா உசிர எடுத்தியே. ஆளு நிக்கிறான்ல?”

“நிக்கிறாரு. எழுதுறது யாரு?”

“எவனாவது கூட இருக்கிறவன் எழுதிக் குடுத்திருப்பான். நூருக்குச் சோம்பல். அவன் அங்க ஒத்தையாக் கெடந்து அல்லாடுறான்னு தெரிஞ்சா நான் படமும் பாக்க மாட்டேன், கேள்வியும் கேக்க மாட்டேன். நாளைக்கே கப்பல்ல ஏறிருவேன். அவன் நல்லா இருக்கிறான்னுதான் யோசிச்சுக்கிட்டு நிக்கிறேன்.”

மறுவாரம் காலாங் ஆற்றோரத்தில் ஒரு யார்டில் சேதுபதியை வேலை செய்து காட்டச் சொன்னார்கள் ஆபீஸ்காரர்கள். மழையில் நனைந்து திரும்பினார். விரலெல்லாம் கம்பி முள் குத்தின புள்ளிகள். ரத்தினம்மா தேங்காய் எண்ணெயைச் சுட வைத்துக் கொடுத்தாள். மத்தியானம் வைத்த நெத்திலிக் குழம்பு இருந்தது. பிசைந்தவர் பாதியில் கையை நிறுத்தினார்.

“ஒரு சங்கதி புடிபடல.”

“என்ன?”

“நான் நுனியில கண்ணி பின்னச் சொல்லுவாங்கன்னு போனேன். அந்த வெள்ளைக்காரன் ரெண்டு கயித்தக் கொண்டாந்து போட்டு, நடுவுல சேருன்றான். நாப்பது அடிக்கு நீள ஒட்டு. எங்க சேந்ததுன்னே தெரியக் கூடாதாம்.”

“அதுக்கென்ன? உங்களுக்குத் தெரியாததா?”

“தெரியும். ஆனா ஆள் ஏத்தி எறக்குற கயித்துல ஒட்டு போடக் கூடாது. எந்த ஊர்லயும் போட மாட்டாங்க. சாமான் இழுக்கிற கயித்துக்குத்தான் அது. குழிக்கு எதுக்கு நீள ஒட்டு?”

“கேட்டீங்களா?”

“கேட்டேன். பரமசிவம் துரைகிட்ட ஏதோ பேசிட்டு, மண்ணு இழுக்கிற பெல்ட்டுக்குன்னான்.”

“நம்புனீங்களா?”

அவர் குழம்பைப் பிசைந்தார். “நாலாவது பட்டியல்லயும் பேரு இல்ல, ரத்தினம். நேத்தே ஒட்டிட்டாங்க. உன்கிட்டச் சொல்லல.”

அவள் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆபீசில் கையெழுத்துப் போடுகிற நாள் டிசம்பர் பதினாலு, சனிக்கிழமை என்று சொல்லியிருந்தார்கள்.

*

புகைப்படத்தை உம்மு சல்மா பலகையில் ஆணியடித்து மாட்டியிருந்தாள். ஒரு நாள் துணி உலர்த்தப் போன ரத்தினம்மாவை உள்ளே கூப்பிட்டாள்.

“அக்கா, இதப் பாருங்க. இவங்க எப்பவும் எப்படி நிப்பாங்க?”

“எப்படி?”

“போட்டோ எடுக்கிறதுன்னா நெஞ்சுல கையக் கட்டிக்கிட்டுத்தான் நிப்பாங்க. எங்க கல்யாணப் போட்டோ, நேவல் பேஸ்ல எடுத்த போட்டோ எல்லாத்துலயும் அப்படித்தான். வாத்தியாரு மாதிரி நிக்காதீங்கன்னு நான் ஏசியிருக்கேன்.”

ரத்தினம்மா பார்த்தாள். நூர்தீனின் இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. வலது கை பக்கத்தில் நின்றவன் முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. தோளில் போட்ட கையாக இருந்தால் அந்தப் பக்கம் விரல் தெரிய வேண்டும். தெரியவில்லை.

கீழே ஆட்டுக்கறிக் கடையில் எலும்பு வெட்டுகிற சத்தம் கேட்டது.

“நான் கேட்டு எழுதப் போறேன்க்கா” என்றாள் உம்மு சல்மா.

“தமிழ்ல எழுதுனா அந்தப் பிள்ளையார் சுழிக்காரன் படிச்சிருவான்.”

“நான் எதுக்குத் தமிழ்ல எழுதப் போறேன்? அரபு எழுத்தப் பாத்தா ஏதோ ஓதுற துஆன்னு நெனச்சுக்கிட்டு அவன் கண்ணுல ஒத்திக் குடுப்பான்.”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ரத்தினம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

குந்தி உட்கார்ந்து உம்மு சல்மா எழுதினாள். பேனா வலமிருந்து இடமாகப் போயிற்று. ரத்தினம்மா பக்கத்தில் நின்று, கை என்ன ஆச்சுன்னு கேளு, குழி எப்படின்னு கேளு, இவரு வரலாமா வேண்டாமான்னு கேளு என்று சொன்னாள். உம்மு சல்மா தலையாட்டி ஆட்டி எழுதினாள். அவள் எழுதியதெல்லாம் தான் சொன்னதுதானா என்று ரத்தினம்மாவுக்குத் தெரியாது. இவ்வளவு நாளும் இவள் படிக்க அவள் கேட்டாள். இப்போது அவள் என்ன எழுதினாலும் இவள் நம்ப வேண்டும். அது ரத்தினம்மாவுக்குப் பழக்கமில்லாத இடமாக இருந்தது.

*

பதில் டிசம்பர் பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை வந்தது. நோன்பு மாசம். மழை விட்டு விட்டுப் பெய்தது. மாடியில் காயாத துணியின் நாற்றம். உம்மு சல்மா மூணு மணிக்கே நோன்புக் கஞ்சிக்கு இஞ்சி பூண்டு தட்டிக்கொண்டிருந்தாள். தினமும் ஒரு கிண்ணம் ரத்தினம்மா வீட்டுக்கு வரும்.

கடிதத்தின் மேல்பாதி வழக்கம்போல அழகான தமிழ் எழுத்து. இந்தமுறை சுழி இல்லை, 786 மட்டும். நலம், விஸ்தரிப்பு, துரிதம், திரு. சேதுபதி அவர்கள். ரத்தினம்மா படித்து முடித்தாள். அடியில், கோடு கிழித்து, வேறு மையில் அரபு எழுத்து. முதல்தடவை எழுதுகிற பிள்ளையின் எழுத்துப் போல ஏறி இறங்கிக் கிடந்தது. ஐந்து வரி. வரி ஒவ்வொன்றும் தாளின் அகலம்.

“இடது கையால எழுதியிருக்காங்க” என்றாள் உம்மு சல்மா.

சன்னலுக்குப் போனாள். ரத்தினம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள். ரத்தினம்மா அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகில் ஒன்றும் தெரியவில்லை.

“என்ன எழுதியிருக்கு?”

“கை போயிருச்சாம்க்கா. வலது கை. மணிக்கட்டோட.”

“ஐயோ.”

“உசிருக்கு ஒண்ணும் இல்லயாம்.” திரும்பினாள். கண் காய்ந்திருந்தது. “அண்ணன வரவேணாம்னு சொல்லச் சொல்றாங்க.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்ல. அவ்வளவுதான்.”

கடிதத்தை மடித்து மாடத்தில் பிஸ்கட் டின்னுக்கு அடியில் வைத்துவிட்டுக் கஞ்சியைக் கிண்டப் போனாள்.

ரத்தினம்மாவுக்கு மனசு பதறத்தான் செய்தது. நூர்தீனின் கை அவளுக்கும் தெரிந்த கை. ஆனாலும் பதற்றத்துக்கு நடுவில் எண்ணிக்கை ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. எழுத்து ஐந்து வரி. வாயில் வந்தது இரண்டு. மூணு வரியை எங்கே விட்டாள்? எதுக்கு விட்டாள்? ஒருவேளை அங்கே வேலை நல்ல வேலையாக இருந்து, கை போனவனுக்குப் பதில் இவர் போய் உட்கார்ந்துவிடக் கூடாது என்று மறைக்கிறாளோ? புருஷன் இடத்தை இன்னொருத்தனுக்கு எவள் கொடுப்பாள்? அப்படி இருந்தால் வீட்டுக்கு வந்த வேலையை இவள் ஒரு வார்த்தையில் கெடுக்கிறாள். சனிக்கிழமைக்கு நடுவில் ஒரு நாள்தான் இருக்கிறது.

நினைத்தது அசிங்கம் என்று அவளுக்கே தெரிந்தது. நினைத்தாள்.

மறுநாள் காலையில் உம்மு சல்மா பிள்ளையைக் குளிப்பாட்டக் கீழே போனாள். ரத்தினம்மா டின்னைத் தூக்கிக் கடிதத்தை எடுத்து மாராப்புக்குள் வைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாள்.

*

வெள்ளிக்கிழமை தேக்காவில் மசாலாவுக்குக் கூட்டம் அதிகம். கல்லுக்கு முன்னால் வரிசை நின்றது. மலாய்க்காரிகள், சீன நோன்யாக்கள், நம்மாட்கள். ஒருத்திக்கு ரெண்டாங், ஒருத்திக்கு மீன் தலைக்கறி, ஒருத்திக்குக் குருமா. ரத்தினம்மா மஞ்சளும் மிளகாயும் வைத்து இழுத்து இழுத்து அரைத்தாள். கூட்டம் குறைந்தபோது மணி பத்து. நாகூர் கனி தொழுகைக்குப் போகுமுன் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். அறுபது வயது, நோன்பில் உதடு வெடித்திருந்தது. அண்ணன் முறையில் அவரை எல்லாரும் ‘நானா’ என்பார்கள்.

“நானா, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லணும்.”

வாங்கிப் பார்த்தார். “இது நூர்தீன் பொஞ்சாதிக்கு வந்தது. உன்கிட்ட எப்படி வந்துச்சு?”

“வந்துச்சு.”

“அந்தப் புள்ள தெரிஞ்சுதான் குடுத்துச்சா?”

அவர் திருப்பிக் கொடுக்க நீட்டினார். ரத்தினம்மா வாங்கவில்லை.

“நாளைக்கு எம் புருஷன் கையெழுத்துப் போடப் போறாரு நானா. அஞ்சு வரி எழுதியிருக்கு. அவ ரெண்டு வரிதான் படிச்சா. மிச்சம் என்னன்னு எனக்குத் தெரியணும். தெரியாம நான் வுட மாட்டேன்.”

கனி கண்ணாடியைப் போட்டார். விரலை வைத்து, வாய்க்குள் கூட்டிக் கூட்டிப் படித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“வலது கை மணிக்கட்டோட போச்சு, உசிருக்குப் பயமில்ல, பயந்துருவன்னு சொல்லலங்கிறான். அது ஒரு வரி. புதுக் கயிறு வந்து சேரல, வேலைய நிறுத்தவும் மனசில்ல, பழைய குழியில ஓடுன கயித்த வெட்டி ஒட்டி நாலாம் குழியில ஆள எறக்குறாங்க. ஒட்டு நழுவித்தான் கை போச்சு.”

“அதான் நீள ஒட்டு” என்றாள் ரத்தினம்மா.

“என்ன?”

“ஒண்ணுமில்ல. மேல சொல்லுங்க.”

“இப்ப குழியில ஆள் ஏற எறங்க மணி அடிக்கிற வேலை குடுத்திருக்காங்களாம். கயிறு பின்னத் தெரிஞ்ச ஆள் ஒருத்தன் தன் எடத்துக்கு வந்தா இவனக் கப்பல் ஏத்தி அனுப்பிருவாங்களாம். வரலேன்னா மூணு வருஷமும் இருந்து கழிக்கணும். அதனால சேதுவ வரச் சொல்லி எழுதச் சொன்னது அங்க கடிதம் எழுதிக் குடுக்கிற கிராணி இல்ல, நான்தாங்கிறான்.”

மழை தகரத்தில் இறங்கியது. கனி குரலைக் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருந்தது.

“கடைசி வரி. ‘வான்னு சொல்லவும் வாய் கூசுது, வராதேன்னு சொல்லவும் மனசு வரல. நீயே ஒண்ணு சொல்லிரு.’ அவ்வளவுதாம்மா.”

“வரவேணாம்னு எழுதியிருக்குமே?”

“இல்லயே.”

“நல்லாப் பாருங்க நானா.”

பார்த்தார். “வரவேணாம்னு எங்கயும் இல்ல புள்ள.”

ரத்தினம்மா அம்மிக்குழவியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கனி கடிதத்தை மடித்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் மடித்த வேகத்தில் தெரிந்தது.

“நோன்பு வாயோட பொய் சொல்லியிருக்கு அந்தப் புள்ள” என்றார். “நான் ஒண்ணும் படிக்கல. என் கண்ணாடி வீட்ல இருக்கு. கொண்டுபோய் எடுத்த எடத்துல வை.”

*

எடுத்த இடத்தில் வைத்தாள். மத்தியானம் உம்மு சல்மா தொழுதுகொண்டிருந்தபோது டின்னுக்கு அடியில் சொருகிவிட்டுத் தன் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

சேதுபதியிடம் எல்லாவற்றையும் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். யோசிக்கக்கூட மாட்டார். ஒட்டுக் கயிறு என்று தெரிந்தே போவார். நாளைக்குக் காலையில் சிலிகி ரோட்டில் முதல் ஆளாக நிற்பார். நூர்தீன் தை மாசம் வீட்டுக்கு வந்து இடது கையால் பிள்ளையைத் தூக்குவான். இந்தப் பக்கம் இவள் ஏர் லெட்டருக்குக் காத்திருப்பாள். சொல்லாவிட்டால் பலகைக்கு இந்தப் பக்கம் ஆள் இருக்கும், அந்தப் பக்கம் இன்னும் இரண்டேகால் வருஷத்துக்கு இருக்காது. இதைத்தான் உம்மு சல்மா நேற்று சன்னலில் முதுகைக் காட்டிக்கொண்டு கணக்குப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத் திரும்பி, வரவேணாம் என்றாள்.

சேதுபதி சாயங்காலம் வந்தார். நனைந்த சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். நூர்தீன் கையைப் பற்றி முந்தின நாளே கேள்விப்பட்டிருந்தார். இப்போது பாயில் உட்கார்ந்து தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ரத்தினம்.”

“ம்.”

“அவன் வரவேணாம்னு மட்டுந்தான் எழுதியிருக்கானா? அவன் அங்க எப்படி இருக்கான், எப்ப வருவான், ஒண்ணும் எழுதலயா?”

பலகைக்கு அந்தப் பக்கம் கஞ்சி கிண்டுகிற அகப்பைச் சத்தம் நின்றது.

“மணி அடிக்கிற வேலையாம். கஷ்டம் இல்லயாம்” என்றாள் ரத்தினம்மா. “ஆள் ஏத்துற கயித்துலதான் அந்த ஒட்டாம். நீங்க சொன்னது சரிதான்.”

“தெரியும் எனக்கு. தெரியும்.” தொடையில் குத்தினார். “வேற?”

“வேற ஒண்ணும் இல்ல.”

“நெசமா?”

“நான் என்னைக்குப் பாதி சொல்லியிருக்கேன்?”

அவர் அவளைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. பன்னிரண்டு வருஷம் தராசுக்கு முன்னால் நின்றவள். கொஞ்ச நேரம் கழித்து அவர் பாயில் சாய்ந்தார். “நாளைக்குப் போகல” என்றார் கூரையைப் பார்த்து. “பாசிர் பாஞ்சாங் பக்கம் கட்டட வேலைக்கு ஆள் கேக்குறாங்களாம். பாப்போம்.”

அகப்பை மறுபடி ஓடியது.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அது முடிந்து சற்று நேரத்தில் உம்மு சல்மா கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தாள். கிண்ணத்தை வைத்தாள். உடனே போகவில்லை. மடித்த நீலத் தாள் அவள் கையில் இருந்தது. ரத்தினம்மாவுக்குத் தெரியும்படி அதைத் திருப்பினாள். ஓரத்தில் மஞ்சள் அப்பிய பெருவிரல் ரேகை ஒன்று முழுசாகப் பதிந்திருந்தது. மிளகாய்ச் சிவப்பும் கொஞ்சம்.

ரத்தினம்மா கையைப் புடவையில் துடைத்தாள். துடைத்தால் போகிற நிறம் இல்லை அது.

உம்மு சல்மா பாயில் படுத்திருந்த சேதுபதியைப் பார்த்தாள். பிறகு தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“அக்கா,” என்றாள், “கனி நானா கடையில இன்னொரு கல்லு சும்மாத்தானே கெடக்கு. பெருநாள் கழிச்சு நான் வரலாமான்னு கேட்டுச் சொல்லுங்க.”

“கை எரியும்” என்றாள் ரத்தினம்மா.

“எத்தனை நாளைக்கு எரியும்?”

“ஒரு மாசம். அப்புறம் தெரியாது.”

“சரி” என்று சொல்லிவிட்டு உம்மு சல்மா பலகைக்கு அந்தப் பக்கம் போனாள்.